சாக் ஸ்ட்ரீம்: தமிழில் சுண்ண ஊற்றாறு

இங்கிலாந்து ஆறுகளைப் பற்றிய செய்திகளில் 'சாக் ஸ்ட்ரீம்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. சாக் என்னும் வெண்பாறையிலிருந்து ஊற்றெடுத்து ஓடும் ஆறு என்று பொருள். 'சுண்ணாம்பு ஓடை' என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் படிப்பவர் மனத்தில் வெள்ளையாகக் கலங்கிய நீர் வந்து நிற்கும். உண்மை நேர் எதிர். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிகிற தெளிந்த நீர் அது.

சாக் என்பது லத்தீன் 'கால்க்ஸ்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கால்க்ஸ் என்றால் சுண்ணாம்பு. கால்சியம் என்ற பெயருக்கும் அதுவே வேர். தமிழில் இந்தக் கல்லுக்குச் 'சீமைச்சுண்ணாம்பு' என்ற பழைய பெயர் உண்டு. 'சுண்ணக்கட்டி' என்றும் எழுதுகிறோம், பேச்சில் சாக்பீஸ்தான். சுண்ணம் என்ற சொல்லுக்கு முதற்பொருள் பொடி. திருவாசகத்தின் 'திருப்பொற்சுண்ணம்' இடித்தெடுக்கும் நறுமணப் பொடியைப் பாடுவது. வடமொழியில் சூர்ணம், பாலியில் சுண்ண என்று வருவதும் பொடிதான். இந்தப் பாறைக்கு அந்தப் பொருள் அப்படியே பொருந்துகிறது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகள் பொடியாக அடியில் படிந்து இறுகியதே இப்பாறை. எனவே 'சுண்ணாம்பு' என்பதைவிடச் 'சுண்ணம்' நல்ல தேர்வு. 'சுண்ணக்கல்' என்பதை இலங்கைத் தமிழர் ஏற்கெனவே பொதுவான சுண்ணாம்புப் பாறைக்கு வழங்குகிறார்கள். அதை அதற்கே விட்டுவிடலாம்.

அடுத்தது ஸ்ட்ரீம். ஓடை என்பது தவறில்லை, போதாது. இந்த ஆறுகளின் உயிர் ஊற்றில் இருக்கிறது. குளிர்கால மழை நுண்துளைப் பாறைக்குள் இறங்கி, மாதக்கணக்கில் உள்ளேயே தங்கி, வடிகட்டப்பட்டு ஊற்றாக வெளியே வருகிறது. அதனால்தான் ஊற்றருகே கோடையிலும் பனிக்காலத்திலும் நீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸிலேயே இருக்கிறது. மழை கொட்டினாலும் சட்டென வெள்ளம் பெருகுவதில்லை. ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகளின் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் சிக்கிமுக்கிக் கற்கள் பரவிய படுகை தெரியும். அதன்மேல் கூந்தல்போல நீண்டு அலையும் நீர்க்கொடி, கோடைத் தொடக்கத்தில் அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். கொடிகளின் இடையே பழுப்பு ட்ரவுட் மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். உலகில் இத்தகைய ஆறுகள் சில நூறுதான். பெரும்பாலானவை இங்கிலாந்தில், மிச்சம் வட பிரான்சு போன்ற சில இடங்களில்.

'ஊற்று' என்ற சொல்லை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் செஸ், வெர், மிஸ்போர்ன் ஆறுகளின் மேற்பகுதிகள் வறண்டு கிடந்த ஆண்டுகள் உண்டு. ஆற்றில் யாரும் மோட்டார் போடவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் குடிநீருக்காகப் பாறையில் துளையிட்டு உறிஞ்சினார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது, ஊற்று வற்றியது. ஓடை என்று மட்டும் சொன்னால் கரையையும் படுகையையும் காத்தால் போதும் என்று தோன்றும். ஊற்றாறு என்றால் நம் கவனம் நிலத்துக்கடியில் போகும். இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நீரெடுப்புக்கு உரிமம் கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது உரிமையாகவே கிடைத்தது. ஆறு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி அப்போது முன்னால் நிற்கவில்லை, அதன் விலையை ஆறுகள் இன்றும் கொடுக்கின்றன. இப்போது நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் எடுக்கப் பொதுவாக உரிமம் வேண்டும்.

மாசும் இதோடு பின்னியது. கழிவுநீர் நிலையங்களிலிருந்து வரும் பாஸ்பேட், குறைந்த நீரில் செறிவாகிப் பாசியை வளர்க்கிறது. நீர்க்கொடி மூச்சுத் திணறுகிறது. வயல்களிலிருந்து அடித்துவரும் வண்டல் கற்களின் இடுக்கை அடைத்து, மீன் முட்டைகளுக்கு உயிர்வளி போகாமல் செய்கிறது. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் பாறை வழியே மெல்ல இறங்கி நிலத்தடி நீரை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இன்று நிறுத்தினாலும் நேற்றையது வந்துகொண்டே இருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் 'விண்டர்போர்ன்'. போர்ன் என்பது ஓடைக்கான பழைய ஆங்கிலச் சொல்; டார்செட், வில்ட்ஷயர் பகுதிகளில் ஊர்ப்பெயர்களாகவே நிற்கிறது. குளிர்கால மழையில் நீர்மட்டம் உயர்ந்தபின் ஓடி, கோடையில் இயல்பாகவே வற்றும் ஆற்றின் மேற்பகுதிதான் விண்டர்போர்ன். 'காட்டாறு' இதற்கு ஒத்துவராது. காட்டாறு மழையோடு வந்து மழையோடு போவது. 'பருவ ஊற்றோடை' பொருந்தும். இயல்பாக வற்றும் இதையும், உறிஞ்சி வற்றவைத்த ஆற்றையும் செய்தி எழுதும்போது ஒன்றாக்கிவிடக் கூடாது. முன்னதற்கு 'வற்றியது' என்றே எழுதலாம். பின்னதற்கு 'நீரெடுப்பால் வறண்டது' என்று காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.