பக்கவாதக் கணக்கில் விடுபடுபவர்கள்

வீடு வீடாகப் போய் கணக்கெடுக்கும்போது நாங்கள் 'பக்கவாதம்' என்ற சொல்லை முதலில் எடுப்பதில்லை. "யாருக்காவது திடீரென்று ஒரு பக்கம் கை, கால் இழுத்துக்கொண்டதா? வாய் கோணியதா? பேச்சு குழறியதா?" என்றுதான் கேட்போம். அப்படிக் கேட்ட ஒரு வீட்டில், "அப்பாவுக்குப் போன மாசம் வாய் கோணிச்சு டாக்டர், அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு" என்றார் மகன்.

அந்த அரை மணி நேரம்தான் என்னைப் பயமுறுத்துவது. மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுநேரம் தடைபட்டு மீண்டிருக்கிறது. இதன் பின் வரும் நாட்களில், அதிலும் முதல் 48 மணி நேரத்தில், முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் வலி இல்லாததால் பெரும்பாலோர் போவதில்லை, மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறுவதில்லை.

கணக்கில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஆயிரம் பேரில் இத்தனை பேருக்குப் பக்கவாதம் என்று சொல்லும்போது, பிழைத்திருப்பவர்களை மட்டுமே எண்ணியிருக்கிறோம். தாக்கிய சில நாட்களில் இறந்தவர்கள் அதில் இல்லை. சிகிச்சை எட்டாத பகுதியில் அந்த எண் குறைவாகத் தெரிய இதுவே காரணமாக இருக்கலாம். "எங்கள் பக்கம் இந்த நோய் அவ்வளவாக இல்லை" என்பவர்களிடம், இறப்புக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

காரணங்களில் பெரிய மர்மம் இல்லை. 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றக்கூடிய 10 காரணங்களே பக்கவாதத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பின்னால் இருப்பதாகக் காட்டியது. புகை, மது, சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. நாடி தாறுமாறாகத் துடிக்கும் இதயக் கோளாறும் உண்டு. அது பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய 5 மடங்காக்கும். ஆனால் முதலிடம் ரத்த அழுத்தத்துக்குத்தான். கிட்டத்தட்ட பாதிப் பங்கு அதனுடையது.

மூளையின் ஆழத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அதிக அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப்போகின்றன. ஒருநாள் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெடிக்கும். அதுவரை தலைவலிகூட இருக்காது. "நல்லாத்தானே இருக்கேன், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று பாதி தீர்ந்த அட்டையை எடுத்துக் காட்டுபவர்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். போன முறை அளந்தபோது பிரஷர் சரியாக இருந்ததாம். மாத்திரை சாப்பிட்டதால்தான் அது சரியாக இருந்தது என்பதை உட்கார்ந்து பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர்களாகிய நாங்கள் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வாய் கோணிச் சரியான அந்த அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அளந்தபோது 180/110. அதற்கு முன் ஒருமுறைகூட அளந்ததில்லை என்றார். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். கருவியை மூடும் முன், பக்கத்தில் நின்ற மகனையும் கையை நீட்டச் சொன்னேன். வயது 38. 160/100 காட்டியது.