எண்ண முடியாத பெயரா, எண் ஏற்காப் பெயரா?

ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் சொல்லித்தரும் கையேடுகளைப் புரட்டினால், ‘ஃபர்னிச்சர்’, ‘மனி’ போலப் பன்மை வடிவம் ஏற்காத பெயரைச் சுட்டும் ‘அன்கவுண்டபிள் நவுன்’ என்பதற்கு ‘எண்ண முடியாத பெயர்ச்சொல்’ என்று போட்டிருக்கிறார்கள். பிழையான ஆக்கம், வகுப்பறையில் தினமும் குழப்பம் விளைவிக்கிறது.

 

சிக்கல் ‘முடியாத’ என்பதில்தான். வானத்து விண்மீன்களை எண்ணி முடிக்க யாரால் ஆகும்? ஆனால் ‘ஸ்டார்’ கவுண்டபிள். வங்கியில் பணத்தை எண்ணித்தான் கொடுக்கிறார்கள், ‘மனி’யோ அன்கவுண்டபிள். கூடத்தில் நாலு நாற்காலி, ஒரு மேசை கிடக்கின்றன. சின்னப் பிள்ளைகூட விரல்விட்டு எண்ணிவிடும். ‘ஃபர்னிச்சர்’ என்று பெயர் சொன்னதும் எண்ண முடியாமல் போய்விடுமா? அந்தச் சொல் பன்மைக்குரிய ‘எஸ்’ஸை ஏற்காது, அதன்முன் ‘எ’, ‘டூ’, ‘மெனி’ வராது; ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். இது பொருளின் தன்மை அன்று, மொழியின் வழக்கு. ‘இன்ஃபர்மேஷன்’ என்ற அதே சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் பன்மையில் தாராளமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பிழை.

சிலர் ‘திரள் பெயர்’ என்கிறார்கள். டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் கையாண்ட ‘மாஸ் வேர்ட்’ என்பதற்கு அது நல்ல தமிழ்தான். தண்ணீர், மணல், அரிசிக்குப் பொருந்தும். ‘அட்வைஸ்’ எப்படித் திரளும்? போதாக்குறைக்கு, ‘கலெக்டிவ் நவுன்’ என்னும் கூட்டப் பெயரோடும் குழம்பும்.

‘எண் ஏற்காப் பெயர்’ என்பதே சரி. ‘எண்’ என்றால் இலக்கணத்தில் ஒருமை பன்மை. பெயர் வேற்றுமை ‘ஏற்கும்’ என்பதும் நமக்குப் பழகிய பேச்சு. ‘கவுண்டபிள் நவுன்’ தானாகவே ‘எண் ஏற்கும் பெயர்’ ஆகிவிடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் நம்மிடம் செல்லும். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் இதற்கு இடம் வகுத்திருக்கிறது. ‘கள்’ இல்லாமலே பன்மை பேசி வளர்ந்த பிள்ளையிடம் போய் ‘எண்ண முடியாது’ என்றால், அது சொல்லை விட்டுவிட்டுப் பொருளைத்தான் பார்க்கும். அப்புறம் ‘அட்வைஸஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதாமல் என்ன செய்யும்?

மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஏபிள்’ என்ற விகுதியைக் கண்டவுடன் ‘முடியும்’ என்று எழுதும் பழக்கத்தை விட வேண்டும். ‘டாக்ஸபிள் இன்கம்’ என்பதை ‘வரிக்குரிய வருமானம்’ என்று சரியாகத்தானே எழுதுகிறோம்?