கமெண்ட்தானே என்று கை வைப்பவர்களுக்கு

வீடியோ மென்பொருள் என் தொழில். சேலத்தில் இந்த வேலையில் இருப்பவர்கள் குறைவு. அதனால் கருப்பூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும், ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு முதல் பேட்ச் (மூலநிரலில் செய்யும் திருத்தம்) அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். சென்ற வாரம் வந்ததும் அப்படி ஒன்றுதான். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் ஹெடர் கோப்புகளில் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்புகள்) இருக்கும் கமெண்ட்டுகளை, அதாவது மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் விளக்க வரிகளை எல்லாம் ஒழுங்குபடுத்தியிருந்தார் ஒரு மாணவர். பாதி படிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. “கோட்ல கையே வைக்கலீங்கண்ணா, கமெண்ட் மட்டும்தான்” என்றார். இதே வாக்கியத்தை வேறு வேறு முகங்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

எஃப்எஃப்எம்பெக் 2000-ல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய திட்டம். வீடியோ பார்க்கும் விஎல்சி, லைவ் கொடுக்கும் ஓபிஎஸ் என்று நாம் தினமும் திறக்கும் மென்பொருள்களுக்கு உள்ளே அதன் நூலகங்கள் (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஆயத்தக் கோட்) இருக்கின்றன. ஐந்து ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் லேப்டாப் வைத்து முகூர்த்தத்தை லைவ் கொடுக்கிறவர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனாலும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார். அது சி மொழியில் எழுதப்பட்ட நூலகம். சி மொழியில் ஒரு ஃபங்ஷனின் டிக்ளரேஷன் என்ற அறிவிப்பு வரியைப் பார்த்தால் என்ன வகைப் பாயின்டர் (நினைவக முகவரி) உள்ளே போகிறது என்று தெரியும். உள்ளே போன பிறகு அது யாருடையது, அந்த நினைவகத்தை யார் விடுவிக்க வேண்டும், பிழை வந்தால் என்ன கதி என்பதெல்லாம் தெரியாது. அவற்றைச் சொல்வது மேலே இருக்கும் கமெண்ட் மட்டும்தான். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போல வைத்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தைத் திருத்தி எழுதலாம், வடக்கே வாய்க்கால் என்று இருப்பதை வடக்கே வழி என்று மாற்றி எழுத முடியாது.

‘கமெண்ட் மாற்றினால் எதுவும் உடையாது’ என்பதைத்தான் முதலில் மண்டையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு உதாரணம். எஃப்எஃப்எம்பெக்கின் லிப்ஏவிஃபார்மட் நூலகத்தில் பாக்கெட்டை (சுருக்கப்பட்ட வீடியோ அல்லது ஆடியோவின் ஒரு துண்டு) கோப்பில் எழுத இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு: ஏவி ரைட் ஃப்ரேம், ஏவி இன்டர்லீவ்டு ரைட் ஃப்ரேம். இரண்டும் வாங்கும் ஆர்கியுமென்ட்டுகள் (உள்ளே கொடுக்கும் மதிப்புகள்) ஒன்றே. முதலாவது, நீங்கள் கொடுத்த பாக்கெட்டைத் தனதாக்கிக்கொள்ளாது. இரண்டாவது, ரெஃபரன்ஸ் எண்ணப்படும் (எத்தனை இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்று கணக்கு வைக்கப்படும்) பாக்கெட் என்றால் அதன் உரிமையை எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பாக்கெட் வெறுமையாக இருக்கும், பிழை வந்தாலும்கூட. அப்புறம் படத்தை மாற்றியமைக்கும் லிப்ஏவிஃபில்டர் நூலகத்தில், அதன் நுழைவாயிலான பஃபர்சோர்ஸுக்கு ஃப்ரேம் (விரித்த ஒரு படம்) கொடுக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். அதுவும் உரிமையை எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் பிழை வந்தால் உங்கள் ஃப்ரேமைத் தொடாது. அது உங்கள் கையிலேயே இருக்கும், நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். ஒரே திட்டத்துக்குள் இரண்டு நடைமுறை. எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ஊகித்துச் சொல்ல முடியாது. நம் தம்பிகள் செய்வது என்ன? ‘பிழை வந்தாலும்’ என்ற பகுதியைக் கூடுதல் பேச்சு என்று வெட்டுகிறார்கள். இரண்டு கமெண்ட்டுகளும் ஒரே மாதிரி இருந்தால் அழகு என்று ஒரே வாக்கியத்தை இரண்டிலும் ஒட்டுகிறார்கள்.

விளைவு எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தவன் நான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நேரத்தில், லைவ் கொடுக்கும் மென்பொருள் ஒன்று நடுவில் செத்துப்போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்களே எழுதிய சிறிய உள்நூலகம் ஒன்று இருந்தது. அதில் ஃப்ரேமை ஃபில்டருக்கு அனுப்பும் ஃபங்ஷன், அளவு மாறிய ஃப்ரேமை ஏற்காமல் பிழை சொல்லும். ‘பிழை வந்தால் ஃப்ரேம் உங்களுடையது’ என்று முதலில் கமெண்ட் இருந்திருக்கிறது. யாரோ சுத்தம் செய்தபோது அந்த வரி போய்விட்டது. அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர் கமெண்ட்டை நம்பி எழுதினார். பிழை வரும் வழியில் ஃப்ரேமை விடுவிக்கவே இல்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. 1920-க்கு 1080 அளவில் வழக்கமான 8 பிட் 4:2:0 நிற முறையில் ஃப்ரேம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.1 எம்பி. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 78 எம்பி. 8 ஜிபி கணினி நிரம்ப இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை. அலுவலகத்தில் ஒரே கேமராவை வைத்துச் சோதித்ததால் அங்கே பிரச்சினை தலைகாட்டவில்லை. கோயிலில் வேறு அளவில் படம் அனுப்பும் இரண்டாவது கேமராவுக்கு மாற்றியதும் விழுந்தது.

கமெண்ட் மாற்றம் கோடையே நேரடியாக உடைப்பதும் உண்டு. கமெண்ட்டை மூடும் குறியைத் தவறிப்போய் அழித்துவிட்டால், அடுத்த மூடும் குறி வரை இருப்பது எல்லாம் கமெண்ட் ஆகிவிடும். ஒரு ஸ்ட்ரக்டின் (பல ஃபீல்டுகளை, அதாவது தகவல் இடங்களை, சேர்த்த தொகுப்பு) நடுவில் இது நடந்து, மறைந்த ஃபீல்டை அந்த இடத்தில் யாரும் பயன்படுத்தவில்லை என்றால், கம்பைல் ஆகிவிடும், அதாவது இயங்கும் நிரலாக மாறிவிடும். ஸ்ட்ரக்டின் அமைப்பு மட்டும் இடம் மாறிப்போயிருக்கும். ஏற்கெனவே கட்டிய மென்பொருள்கள் தவறான இடத்தில் தவறான மதிப்பைப் படிக்கும். கமெண்ட்டுக்குள் இன்னொரு கமெண்ட் தொடங்குகிறது என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கத்தான் செய்யும். அதைப் படித்தால்தானே!

அலகுகள் இன்னொரு தொல்லை. சென்ற வாரப் பேட்ச்சில் இருந்தது இது. முழுக் கோப்பின் கால அளவைச் சொல்லும் ஃபீல்டு ஒரு நொடிக்கு 10,00,000 என்ற கணக்கில் இருக்கும். கோப்புக்குள் இருக்கும் வீடியோ, ஆடியோ போன்ற தனி ஸ்ட்ரீமின் கால அளவு அந்த ஸ்ட்ரீமின் சொந்த டைம்பேஸில் (நேரத்தை எண்ணும் அலகில்) இருக்கும். எம்பெக்-டிஎஸ் என்ற வீடியோ வடிவம் என்றால் நொடிக்கு 90,000. பத்து நிமிட வீடியோவுக்கு முதலாவதில் 60,00,00,000 என்றும் இரண்டாவதில் 5,40,00,000 என்றும் வரும். இரண்டு கமெண்ட்டுகளையும் ‘கால அளவு, நொடிகளில்’ என்று மாற்றியிருந்தார். படிக்க எளிதாக இருக்கிறதாம்.

விசித்திரமாகத் தெரியும் வரிகளைக் கண்டால்தான் இவர்களுக்குக் கை அரிக்கிறது. ஃப்ரேமின் லைன்சைஸ் (படத்தின் ஒரு வரி நினைவகத்தில் எடுக்கும் பைட் அளவு) எதிர்மறையாகவும் இருக்கலாம் என்று கமெண்ட் சொல்லும். அளவு எப்படி மைனஸில் இருக்கும் என்று அந்த வரியை நீக்குகிறார்கள். படம் தலைகீழ் வரிசையில் நினைவகத்தில் இருந்தால் மைனஸ்தான் வரும். சுருக்கிய வீடியோவை விரிக்கும் டீகோடருக்குக் கொடுக்கும் பஃபரின் (தற்காலிக நினைவகம்) முடிவில் கூடுதலாக 64 பைட் ஒதுக்கச் சொல்லும் இடத்தில், அந்தக் கூடுதல் பகுதியின் முதல் 23 பிட்டுகள் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் சேதமான எம்பெக் ஸ்ட்ரீம் எல்லை தாண்டிப் படித்து நிரலையே கவிழ்க்கலாம் என்று எச்சரிக்கை இருக்கும். 23 என்பது தட்டச்சுப் பிழை என்று 32 ஆக்கிய ஒருவரையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் புரியாத எண் என்றால் அது தவறான எண் என்று அர்த்தம் இல்லை.

இப்போது ஏஐ கருவியிடம் கோப்பை மொத்தமாகக் கொடுத்து ‘இலக்கணம் சரி செய்’ என்று சொல்லும் பழக்கம் வேறு வந்திருக்கிறது. ‘கட்டாயம்’ என்று இருந்தது ‘செய்வது நல்லது’ என்று மாறி வருகிறது. ஒவ்வொரு வரியையும் நீங்களே கோடோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

சரி, கமெண்ட்டுகளைத் தொடவே கூடாதா? தொட வேண்டும். நல்ல வேலை எவ்வளவோ கிடக்கிறது, செய்வதற்குத்தான் ஆள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று சொல்கிறேன். கமெண்ட்டுகளிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் டாக்சிஜன் கருவியில் ஒரு ஃபீல்டுக்கு அதே வரியில் பின்னால் விளக்கம் எழுதினால், சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்ட பிறகு இடப்பக்கம் பார்க்கும் கோணக்குறி ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கம் அடுத்த ஃபீல்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அகலம் என்ற ஃபீல்டுக்கு எழுதிய விளக்கம் உயரத்துக்குப் போகும், உயரத்தின் விளக்கம் அதற்கும் அடுத்ததற்குப் போகும். மூலக்கோப்பில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உருவாகும் ஆவணப் பக்கத்தில் வரிசையாக ஒன்று தள்ளிக் கிடக்கும். முதல் ஃபீல்டுக்கு விளக்கம் இல்லை என்று டாக்சிஜன் எச்சரிக்கக்கூடும். ஆனால் விளக்கம் இல்லாததையும் சேர்த்து எல்லாவற்றையும் பக்கத்தில் காட்டும் எக்ஸ்ட்ராக்ட் ஆல் அமைப்பை இயக்கி வைத்திருந்தால் அந்த எச்சரிக்கையே வராது. உங்கள் கணினியில் அதை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், வேலை தானாக வந்து குவியும்.

ஃபங்ஷன் வாங்கும் பாராமீட்டர் ஒன்றின் பெயர் மாறியிருக்கும், பழைய பெயரிலேயே கமெண்ட் இருக்கும். கிளாங் கம்பைலரின் டாக்குமென்டேஷன் எச்சரிக்கையை இயக்கினால் பிடித்துவிடலாம். டாக்சிஜனில் முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால், நடுவில் வரும் சுருக்கெழுத்துப் புள்ளியிலேயே சுருக்கம் அறுந்து நிற்கும். போய்விட்ட ஃபங்ஷன்களைச் சுட்டும் வரிகளும் உண்டு. எஃப்எஃப்எம்பெக்கின் ஏவி ரெஜிஸ்டர் ஆல் ஃபங்ஷன் 2018-ல் வந்த 4.0 பதிப்பிலேயே வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் வந்த 5.0-ல் நீக்கப்பட்டது. அதைக் கூப்பிடச் சொல்லும் உதாரணங்கள் இன்னும் எத்தனையோ திட்டங்களின் கமெண்ட்டுகளில் இருக்கின்றன. அவற்றைத் திருத்துங்கள், தாராளமாக.

திருத்தும்போது கமெண்ட் மாற்றத்தோடு கோட் மாற்றத்தைக் கலக்காதீர்கள். இடைவெளி, வரி மடிப்பு போன்ற வெறும் அழகு வேலையை அர்த்தத் திருத்தத்தோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். பரிசீலிப்பவர் எதைத்தான் பார்ப்பார்? ஒரு வரியைத் தொட்டால் அந்த வரியின் வரலாற்றில் உங்கள் பெயர் வந்து உட்காரும், அதை உண்மையில் எழுதியவரைத் தேட இன்னொரு படி பின்னால் போக வேண்டியிருக்கும். மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில், 2019-ல் வந்த 2.23 பதிப்பிலிருந்து குறிப்பிட்ட கமிட்டை (பதிவான ஒரு மாற்றத்தை) ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லோரும் அதை அமைத்து வைத்திருப்பதில்லை. டீபக் தகவல் (பிழை தேட உதவும் கூடுதல் குறிப்புகள்) இல்லாமல் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுங்கள். நிபந்தனை சரியா என்று சோதிக்கும் அசெர்ட் மேக்ரோக்கள் வரி எண்ணைப் பதித்து வைக்கும் என்பதால் அந்த எண்கள் மாறலாம். வேறு எது மாறினாலும் ஏதோ உடைத்துவிட்டீர்கள். அப்புறம் டாக்சிஜன் பக்கத்தை உருவாக்கி உங்கள் கண்ணால் பாருங்கள். இதைக்கூடச் செய்யாமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

அக்டோபர் மாதம் நெருங்கினால் எனக்குக் கவலை கூடிவிடும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்கத் தூண்டும் அக்டோபர் நிகழ்வு, நல்ல நோக்கத்தில் தொடங்கியதுதான். 2020-ல் பரிசாகத் தரும் டி-ஷர்ட்டுக்காக ஆவணக் கோப்புகளில் ஒரு சொல், இரண்டு சொல் சேர்த்து அனுப்பிய குப்பை மலை போலக் குவிந்தது. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் கணக்கில் வரும் என்று பாதியில் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குப்பையைத் தள்ளியவர்கள் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்திருந்த பராமரிப்பாளர்கள். கல்லூரிகளில் ‘பேட்ச் ஏற்கப்பட்டால் மதிப்பெண்’ என்று அறிவிக்கும் ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: எண்ணிக்கைக்கு மதிப்பெண் தராதீர்கள். ஒரு ஃபங்ஷனின் கமெண்ட்டை எடுத்து, அது சொல்வதைக் கோடில் எந்த வரி நிறைவேற்றுகிறது என்று மாணவர் காட்டட்டும், அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

தம்பி, தங்கைகளே, ஒரு பேட்ச்சில் ஒரு கோப்பு போதும். மாற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்தக் கோடைப் படித்து அதை உறுதி செய்தீர்கள் என்று கமிட் குறிப்பில் எழுதுங்கள். படித்தும் புரியாத வரி இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், அந்தப் பதிலையே அடுத்த பேட்ச்சில் கமெண்ட்டாகச் சேர்க்கலாம்.