பூட்டிய வீட்டின் ஓட்டுக் குவியலும் சினை விரியனும்

வைகாசி, ஆனி முகூர்த்தம் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து பாம்பு பிடிக்கும் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து கூட்டுவார்கள். பின்கட்டை அடுத்துக் குவித்திருக்கும் பழைய ஓடுகளில் கை வைத்ததும் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன் குட்டி போடும் காலமும் பெரும்பாலும் இதுதான்.

நல்ல பாம்பு, சாரை, கட்டுவிரியன் எல்லாம் முட்டையிடும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குட்டி போடுபவை. கண்ணாடி விரியன் ஆறு மாதத்துக்கு மேல் குட்டிகளை வயிற்றில் சுமக்கும். பாம்புக்கு இருக்கும் இடத்தின் சூடுதான் உடல் சூடு. அது குறைந்தால் குட்டிகளின் வளர்ச்சி தாமதமாகும். சூடு மிஞ்சினால் தாய்க்கே ஆபத்து.

அந்த ஓட்டுக் குவியலைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல் வரிசை வெயிலில் சுடும், நடுவில் இளஞ்சூடு, மண்ணை ஒட்டிக் குளிர்ச்சி. வயிறு கனத்த தாய் வெளியே தலைகாட்டாமலே ஒரு முழம் ஏறி இறங்கி, வேண்டிய சூட்டை எடுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகும் ஓடு சீக்கிரம் ஆறாது. விரைந்து நகர முடியாத நேரத்தில் கீரிக்கும் மயிலுக்கும் தப்பி ஒளிய இடுக்கு, பிறக்கும் குட்டிகளுக்குப் பல்லி, ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி, எல்லாம் ஒரே இடத்தில். கரையான் புற்றிலும் சீமைக் கருவேலம் புதரிலும் அது தேடுவது இதைத்தான்.

அப்படி ஒரு வீட்டில் பாம்பைப் பிடித்ததும், "ஒண்ணுதானே தம்பி, இனி அள்ளலாம்ல?" என்றார் ஆச்சி. வேண்டாம் ஆச்சி என்றேன். பாம்பின் பின்பாதித் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. குட்டி போட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு ஈற்றில் சாதாரணமாக 20 முதல் 40 குட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம், பிறக்கும்போதே விஷம் உண்டு. தாய் காவல் காக்காது. குட்டிகள் தானாகக் கலைந்து போகும். நீளமான கொக்கியால் ஒவ்வோர் ஓடாகப் புரட்டிய பிறகுதான் ஆட்களை உள்ளே விட்டேன்.

ஆகவே ஓடு, செங்கல், விறகு, தென்னை மட்டைக் குவியல்களைத் தை, மாசியிலேயே அப்புறப்படுத்துங்கள். அப்போதும் வெறுங்கை வேண்டாம், பூட்ஸும் நீளக் கம்பும் வேண்டும். வைகாசி பிறந்துவிட்டதா? சரி, குவியலைத் தொடாமல் வனத்துறையிடமோ பயிற்சி பெற்றவரிடமோ சொல்லுங்கள். தீ வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் கொடுமை. பாம்பைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டி கடித்தாலும் இதே அவசரம்தான்.