கோல்ஃப் ஸ்டிக்கை வளைச்சுக் குடுக்குற கடை எது?

தேவிகுளத்துல ஒரு ரிசார்ட்ல வேலை பாக்குற தம்பி கேட்டிருக்கார். "அண்ணே, எங்க மாமா குண்டளை கோல்ஃப் மைதானத்துல கேடியா, அதான் ஆடுறவங்களுக்கு ஸ்டிக் பை தூக்குற ஆளா இருந்தவரு. ஊருக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை ஒருத்தர் அவருக்குக் குடுத்துட்டுப் போன பழைய அயர்ன் செட்டு (இரும்புத் தலை வச்ச கோல்ஃப் ஸ்டிக்குங்க) இப்ப என் கையில இருக்கு. லீவு நாள்ல அடிச்சுப் பழகுறேன், ஆனா பந்து இடது பக்கமே ஓடுது. உன் அளவுக்கு ஃபிட்டிங் பண்ணிக்கடான்னு ஆளாளுக்கு சொல்றாங்க. கொச்சிக்குப் போகவா, கோயம்புத்தூருக்கா, இல்ல ஒரேயடியா பெங்களூருக்கே போயிரவா? சட்டைக்கு அளவெடுக்குற மாதிரி எடுத்து அனுப்பிருவாங்களா, இல்ல நெசமாவே இதுல சயின்ஸ் இருக்கா?"

இருக்கு தம்பி, நல்லாவே இருக்கு. ஆனா கடைக்காரங்க எதைப் பெருசா காட்டுறாங்களோ அதுல கம்மியாவும், யாரும் கண்டுக்காத ஒரு கோணத்துல நிறையவும் இருக்கு.

தெரிஞ்ச சமாச்சாரத்தை ஓட்டமா சொல்லிடுறேன். ஃபிட்டிங்னா ஸ்டிக்கோட நீளம், ஷாஃப்ட் (தண்டு) எவ்வளவு வளையுது, கிரிப் (கைப்பிடி) தடிமன், லாஃப்ட், லை ஆங்கிள், இவ்வளவுதான் பாப்பாங்க. லாஃப்ட்னா ஃபேஸ், அதாவது பந்தை அடிக்குற முகம், பின்னாடி எவ்வளவு சாஞ்சிருக்குங்கறது, லை ஆங்கிள்னா ஸ்டிக்கோட அடிப்பாகம் தரையில படிஞ்சு உக்காந்திருக்கும்போது ஷாஃப்ட் தரையோட பண்ற கோணம். ஷாஃப்ட்ல அது எவ்வளவு வளையும்னு சொல்ல ஆர், எஸ்னு எழுத்து போட்டிருப்பாங்களே, அதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒரு கம்பெனியோட எஸ் இன்னொரு கம்பெனியோட ஆர் மாதிரி இருக்கலாம், அதனால அந்த எழுத்தை நம்பி காசைக் குடுக்காதீங்க. ஃபேஸும் பந்தும் ஒட்டியிருக்குறது ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம்தான். அடி விழுந்த அதிர்வு கைக்கு வந்து சேர்றதுக்குள்ள பந்து கிளம்பிப் போயிருக்கும், ஆக அந்த நொடியில ஃபேஸ் எந்தப் பக்கம் பாத்துச்சோ அதுதான் கணக்கு, அப்புறம் உடம்பை வளைச்சு பந்தைத் திருப்பப் பாக்குறதெல்லாம் சும்மா.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், லை ஆங்கிள்.

வீட்டுல கிளிப் வச்ச பரிட்சை அட்டை இருந்தா எடுங்க. எதிர்ல இருக்குற சுவர்தான் டார்கெட். அட்டையோட கீழ் ஓரத்தை மேஜை மேல வச்சு, அட்டை சுவரைப் பாக்குற மாதிரி நேரா நிமித்திப் பிடிங்க. அட்டைக்கு நடுவுல இருந்து சுவரைப் பாத்து ஒரு பென்சில் செங்குத்தா நீட்டிட்டு இருக்குறதா வச்சுக்கோங்க, இன்னொருத்தர் கூட இருந்தா நெசமாவே பென்சிலைப் பிடிக்கச் சொல்லுங்க. இப்ப அட்டையோட வலது மூலையை மட்டும் மேஜையில இருந்து ஒரு விரல் அளவு தூக்குங்க, இடது மூலை அங்கயே இருக்கட்டும். பென்சில் என்ன பண்ணுது? ஒண்ணும் பண்ணல, தன்னைத்தானே கொஞ்சம் உருட்டிக்கிச்சு, முனை அதே இடத்தைத்தான் பாக்குது.

அடுத்து அட்டையை உங்க பக்கமா ஒரு 45 டிகிரி சாய்ங்க. பென்சில் சுவரையும் கூரையையும் சேத்துப் பாக்கும், பாதி முன்னாடி பாதி மேல. இப்ப அதே மாதிரி வலது மூலையைத் தூக்குங்க. பென்சில் முனை சட்டுனு இடது பக்கம் நகருதா? அவ்வளவுதான் விஷயம். பென்சில்ல ரெண்டு பங்கு இருக்கு, முன்னாடி பாக்குற பங்கு, மேல பாக்குற பங்கு. மூலையைத் தூக்குனா முன்னாடி பாக்குற பங்குக்கு எந்தப் பாதிப்பும் இல்ல, மேல பாக்குற பங்குதான் பக்கவாட்டுல சரியுது. மேல பாக்குற பங்கே இல்லாத அட்டைக்கு சரியறதுக்கு ஒண்ணுமில்ல. நிறைய சாஞ்ச அட்டைக்கு நிறைய இருக்கு. வலது கைக்காரருக்கு அந்த வலது மூலைதான் ஸ்டிக்கோட டோ, அதாவது உடம்பை விட்டுத் தள்ளி இருக்குற நுனி. டோ தூக்கிக்கிட்டு நின்னா பந்து இடது, டோ தரையில அழுந்திக்கிட்டு ஹீல், அதாவது தண்டு சேர்ற பக்கத்து நுனி, தூக்குனா வலது. இடது கைக்காரங்க எல்லாத்தையும் மாத்திப் படிச்சுக்கோங்க.

பத்தாங்கிளாஸ் கணக்குல சொன்னா, லாஃப்டோட டேன் மதிப்பை லை எத்தனை டிகிரி தப்போ அதால பெருக்குங்க, ஃபேஸ் எத்தனை டிகிரி திரும்புச்சுங்கறது வந்துரும். 10 டிகிரி லாஃப்ட் உள்ள டிரைவர்ல (ரொம்ப தூரம் அடிக்குற ஸ்டிக்) லை 2 டிகிரி தப்பா இருந்தாலும் ஃபேஸ் திரும்புறது 0.35 டிகிரிதான், 200 மீட்டர்ல ஒரு மீட்டர் சொச்சம், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. 30 டிகிரி அயர்ன்ல அதே தப்பு 1.15 டிகிரி, 140 மீட்டர்ல கிட்டத்தட்ட 3 மீட்டர். 56 டிகிரி வெட்ஜ்ல 3 டிகிரி, வெறும் 80 மீட்டர் அடிக்கே 4 மீட்டர் தள்ளிப் போயிரும். கிட்டத்துல இருந்து குழியைக் குறி வச்சு அடிக்குற ஸ்டிக்லதான் லை அதிகமா கழுத்தறுக்குது, ஆனா ஜனங்க ஃபிட்டிங்குக்குக் காசைக் கொட்டுறது டிரைவருக்கு!

இதை நம்ம மூணாறு கேடிங்க எந்த டேனும் படிக்காம கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. இங்க மைதானத்துல சமதரை எங்க இருக்கு, சரிவுதானே. பந்து காலை விட உசரத்துல கிடந்தா "துரை, மேட்டுல நிக்குது, இடது பக்கம் இழுக்கும், கொஞ்சம் வலப்பக்கமா பாத்து அடிங்க"ம்பாங்க. சரிவுல ஸ்டிக்கோட அடிப்பாகமும் சரிவாத்தான் உக்காருது, டோ தன்னால மேல போயிருது. 5 டிகிரி சரிவுல 30 டிகிரி அயர்ன்னா ஃபேஸ் கிட்டத்தட்ட 3 டிகிரி இடது பக்கம் பாக்கும், 130 மீட்டர்ல ஆறரை மீட்டர். வெட்ஜ் எடுத்தா இன்னும் வலப்பக்கமா பாக்கச் சொல்லுவாங்க, டிரைவருக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க மாமாகிட்ட கேட்டுப் பாருங்க, இதே கணக்கைத்தான் கையால காட்டுவார்.

இப்ப உங்க செட்டுக்கு வருவோம். அதைக் குடுத்துட்டுப் போன துரை உங்களை விட நெட்டையா இருந்திருந்தா, அவருக்குத் தக்கபடி லை நிமிந்தே இருந்திருக்கும். குள்ளமான ஆள் கையைத் தாழ்த்திப் பிடிக்கும்போது டோ தூக்கிக்கும், இடது. பொருத்தமாத்தான் தெரியுது, ஆனா அதுக்குள்ள தீர்ப்பு சொல்ல வேண்டாம், கை மணிக்கட்டை முன்கூட்டியே திருப்புனாலும் இடதுதான் போகும். ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு: 5 அயர்ன், 8 அயர்ன், வெட்ஜ்னு லாஃப்ட் ஏறிட்டே போகும், மூணையும் அடிச்சுப் பாருங்க. லாஃப்ட் ஏற ஏற இடது பக்கம் போற கோணமும் ஏறுதுன்னா லை மேல சந்தேகப்படலாம். டிரைவரும் சேந்தே இடது பக்கம் ஓடுதுன்னா ஸ்விங் மேலதான் தப்பு, அதுக்கு ஃபிட்டர் வேண்டாம், சொல்லிக் குடுக்குற ஆள் வேணும்.

சரி, நின்னபடி லை பாத்தாப் போதுமே, மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளந்து சொல்றாங்களேன்னு கேப்பீங்க. அது ஆரம்பத்துக்கு ஓகே, அதோட நிறுத்துனா தப்பு. ஸ்டிக் வேகமா சுத்தி வரும்போது தலைப்பாகம் வெளிப்பக்கம் இழுக்குது. 270 கிராம் தலை, செகண்டுக்கு 33 மீட்டர் வேகம், ஒன்றரை மீட்டர் ஆரம்னு போட்டா 196 நியூட்டன், சுமார் 20 கிலோ எடை தர்ற இழுவிசை. தலையோட எடைமையம் ஷாஃப்ட் கோட்டுல இல்லாம டோ பக்கம் தள்ளி இருக்குறதால அந்த இழுவிசை ஷாஃப்டைக் கீழ்ப்பக்கமா வளைச்சு டோவை அமுக்கும். போதாததுக்கு அடிக்குற நேரம் கையும் நிக்கும்போது இருந்ததை விட உசந்துரும். ஆளுக்கு ஆள் இது மாறும், அதனால நிக்கும்போது எடுத்த அளவு அடிக்கும்போது நிக்காது.

அந்த நொடியைப் பாக்க போன்ல ஸ்லோமோஷன் எடுக்கலாம்னு நினைக்காதீங்க, செகண்டுக்கு 240 படம் எடுத்தாலும் ரெண்டு படத்துக்கு நடுவுல 4 மில்லிசெகண்ட் ஓடிருது, அடி முடிஞ்சு போறதே அரை மில்லிசெகண்டுல. வெள்ளை போர்டுல எழுதுற மார்க்கர் ஒண்ணு வாங்குங்க. பந்துல தடிமனா ஒரு கோடு போட்டு, கோடு நெட்டுக்குத்தா ஃபேஸைப் பாக்குற மாதிரி வச்சு அடிங்க. கோடு ஃபேஸ்ல அச்சாகியிருக்கும். ஃபேஸ்ல இருக்குற வரிகளுக்கு செங்குத்தா இருந்தா லை சரி. மேல் முனை டோ பக்கம் சாஞ்சிருந்தா டோ தூக்கியிருந்துச்சு, ஹீல் பக்கம் சாஞ்சிருந்தா உல்டா. சரிவுல நின்னு அடிச்சா கோடும் பொய் சொல்லும், மட்டமான இடமாப் பாத்து நில்லுங்க. இவ்வளவு சின்ன விஷயத்துல ஒரு நொடியோட ரெண்டாயிரத்துல ஒரு பங்கு பதிவாகி நிக்குதே, எனக்கு எத்தனை தடவை பாத்தாலும் அலுக்காது.

கடையில பந்தோட வேகத்தையும் தூரத்தையும் காட்டுற லான்ச் மானிட்டர்னு ஒரு பெட்டி வச்சிருப்பாங்க, அதையும் மட்டமா சொல்ல மாட்டேன். சிலது கேமரா, சிலது ரேடார். டென்மார்க்ல 2003ல ஆரம்பிச்ச டிராக்மேன் ரேடார் வகை. 10 கிகாஹெர்ட்ஸ் அலை செகண்டுக்கு 60 மீட்டர் போற பந்துல பட்டுத் திரும்பினா அதிர்வெண் 4000 ஹெர்ட்ஸ் மாறும், அதை வச்சு வேகம். கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல இரட்டை நட்சத்திரங்களோட நிறத்தை விளக்கப் போய் எழுதுன தத்துவம் இது, அன்னிக்கு "இதால யாருக்கு என்ன பிரயோஜனம்"னு கேட்டு காசை நிறுத்தியிருந்தா இன்னிக்கு மழை மேகத்தைப் பாக்குற ரேடாரும் இல்ல. 1963ல தும்பால இருந்து முதல் ராக்கெட் போனப்பவும் இந்த ஏழை நாட்டுக்கு இது எதுக்குன்னு கேட்டவங்க இருந்தாங்க. நம்ம பக்கத்து காலேஜ் லேப்ல ஒரு ஹைஸ்பீட் கேமரா வாங்கக் கேட்டா இன்னிக்கும் அதே கேள்விதான் வருது, ஆண்டு விழா பந்தலுக்கு மட்டும் எப்படியோ பணம் வந்துரும். கேக்க ஆளில்லாம காந்த வளையல் வேற விக்குறாங்க, ரத்தத்துல இரும்பு இருக்காம், காந்தம் இழுத்து ஓட்டத்தைக் கூட்டுமாம், ஸ்விங் நல்லா வருமாம். ஹீமோகுளோபின்ல இருக்குற இரும்பு ஆணி மாதிரி காந்தத்துல ஒட்டுற ஜாதி இல்லைங்க, அந்தக் காசுக்கு நல்ல கிரிப் மாட்டிக்கலாம்.

எந்த ஊருன்னு கேட்டீங்க. ஊர் முக்கியமில்ல, போன் போட்டு நான் சொல்றதைக் கேளுங்க. முதல் கேள்வி, லாஃப்டும் லையும் வளைக்குற மெஷின் உங்ககிட்டயே இருக்கா? இல்ல, புது செட்டு ஆர்டர் போட்டாத்தான்னு சொன்னா அது ஃபிட்டிங் இல்ல, விற்பனை. பழைய செட்டு ஃபோர்ஜிங் பண்ண, அதாவது அடிச்சு உருவாக்குன மிருதுவான இரும்பா இருந்தா ரெண்டு டிகிரி வளைக்குறது பெரிய வேலையே இல்ல, வார்ப்பு ஸ்டெயின்லெஸ்னா உடையுற பயம் உண்டு, வளைக்குறவர் ஸ்டிக்கைக் கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லணும். பிங் கம்பெனி செட்டா இருந்தா தலையில கலர் புள்ளி இருக்கான்னு பாருங்க, லை எவ்வளவுன்னு அந்தக் கலரே சொல்லிரும். அந்தக் கம்பெனியை 1959ல ஆரம்பிச்ச கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியரா இருந்தவர், ஆளுக்கேத்த லைங்கறதைப் பிடிவாதமா பிடிச்சுக்கிட்டவர்.

ரெண்டாவது, என்னோட பழைய ஸ்டிக்ல முதல்ல அடிக்க விட்டு அந்த நம்பரை எழுதி வைப்பீங்களா? இது ஏன்னா, "புது 7 அயர்ன்ல 15 மீட்டர் கூடப் போகுது பாருங்க சார்"னு காட்டுவாங்க. பழைய காலத்து 7 அயர்ன் 36, 37 டிகிரி லாஃப்ட் இருக்கும், இப்ப வர்ற சிலது 28, 29தான். அடியில 7னு போட்டிருந்தாலும் கையில இருக்குறது பழைய கணக்குக்கு 5 அயர்ன், கூடப் போகாம என்ன செய்யும். அதோட பத்து அடியில ஒரு நல்ல அடியை மட்டும் திரையில நிறுத்திக் காட்டுற ஆள்கிட்ட, பத்தும் எங்கெங்க விழுந்துச்சுன்னு கேளுங்க. மூணாவது, கோடு போட்ட பந்துல அடிக்க விடுவீங்களா? இதுக்கு முழிச்சா வச்சிருங்க போனை.

மெஷின் காட்டுற தூரத்தை மட்டும் அப்படியே மூணாறுக்குக் கொண்டு வந்துராதீங்க. கொச்சி கடல் மட்டம், நம்ம இருக்குறது 1500 மீட்டருக்கு மேல, காத்தோட அடர்த்தி இங்க சுமார் 14 சதவீதம் கம்மி, அதனால பந்து இங்க கூடவே போகும். லை கோணத்துக்கு அந்தப் பிரச்சனை இல்ல, அது எந்த உசரத்துலயும் அதேதான்.

ஆக முழு செட்டையும் மாத்த வேண்டாம் தம்பி. கோடு டோ பக்கம் சாஞ்சிருந்தா வெட்ஜ், 9, 8 இந்த மூணை மட்டும் எடுத்துட்டு, வளைக்குற மெஷின் இருக்குன்னு போன்ல சொன்ன ஊருக்குப் போங்க. ஒரு டிகிரி வளைச்சதும் அங்கயே திரும்பக் கோடு போட்டு அடிச்சுப் பாத்துட்டு, போதலைன்னா இன்னொண்ணு வளைக்கச் சொல்லுங்க. 5, 6க்கு வேணும்னா அடுத்த தடவை பாத்துக்கலாம்.