தூண்டில் கோலைத் தாங்குவது குழாய் அல்ல, தளம்

ஓடும் படகின் பின்னால் ஒரு மீன் தூண்டில் நரம்பை 7.5 கிலோ விசையுடன் இழுத்தால், கோலைத் தாங்கும் குழாயின் திருகுகளில் அது ஏறக்குறைய 140 கிலோவாகப் போய்ச் சேரும். படகில் புதிதாகத் தாங்கி பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் குழாயின் தடிமனையும் பளபளப்பையும் பார்த்தே வாங்குகிறார்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது குழாய் அல்ல. அது உட்கார்ந்திருக்கும் தளம்தான்.

அந்த 140 எங்கிருந்து வந்தது? 50 பவுண்டு விசையில் அறும் நரம்பு போட்ட இரண்டு மீட்டர் கோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோல் பின்னோக்கிச் சாய்ந்து, மீனின் இழுப்பில் வளைந்து நிற்கிறது. நரம்பு இழுக்கும் கோட்டுக்கும் தாங்கிக்கும் இடையே செங்குத்துத் தொலைவு சுமார் ஒன்றரை மீட்டர் என்றால், 7.5 கிலோ விசை தாங்கியைத் திருப்ப முயலும் அளவு 11 கிலோகிராம்-மீட்டருக்குச் சற்று மேல். கடப்பாரையின் நீண்ட முனையில் ஒரு குழந்தை தொங்கினாலும் குட்டை முனையில் பாறாங்கல் அசையும் அல்லவா, அதே கணக்கு. கோலின் அடிப்பகுதி குழாய்க்குள் 22 செ.மீ. இறங்கியிருந்தால், குழாயின் வாயிலும் அடியிலும் தலா 50 கிலோ அளவுக்கு எதிரெதிர்த் திசைகளில் அழுத்தம் விழுகிறது. குழாயின் வாயைச் சுற்றியிருக்கும் தட்டையோ தளத்திலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்க்கிறது அந்தத் திருப்புவிசை. தட்டின் ஒரு விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கத் திருகுகளுக்கு 8 செ.மீ. தூரம் என்றால் அவற்றின் மீது விழும் இழுவை 140 கிலோ. குழாய் நுழைந்திருக்கும் துளையின் விளிம்பும் கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்ளும். ஆனால் மெல்லிய தளத்தில் அதை நம்பக் கூடாது.

இத்தனைக்கும் 7.5 கிலோ என்பது, நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் டிராக் ஒழுங்காக வேலை செய்யும்போது வரும் எண். டிராக் என்பது ரீலுக்குள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தியிருக்கும் வட்டுகள். குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் அவை வழுக்கி நரம்பை வெளியே விடுகின்றன. மீனின் ஆற்றல் அங்கே வெப்பமாகிறது. நரம்பு அறும் விசையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இதை வைப்பது வழக்கம். 50 பவுண்டு என்பது 22.7 கிலோ, அதில் மூன்றில் ஒன்று 7.5. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வட்டுகளின் உராய்வு தருவது நிலையான திருப்புவிசை. நரம்பு வெளியேற வெளியேற ரீலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், டிராக்கை யாரும் தொடாமலேயே நரம்பின் இழுவிசை இரட்டிப்பாகிறது. திருகுகளில் 140 இருந்த இடத்தில் 280. தூண்டில் பாறையில் மாட்டி, டிராக்கும் முழுக்க இறுகியிருந்தால் நரம்பு அறும்வரை, அதாவது 420 கிலோ வரை போகும். ஆகவே நரம்பு அறும் விசையைக் கணக்கில் கொண்டே தாங்கியைப் பொருத்த வேண்டும். அறுந்துபோவது நரம்பாக இருக்கட்டும், பிய்ந்துபோவது தளமாக இருக்கவே கூடாது.

சில மில்லிமீட்டர் ஃபைபர் தகட்டில் மரத்திருகு முறுக்கினால் இந்தச் சுமையைச் சுமப்பது திருகின் ஓரிரு புரிகள் மட்டுமே. அலையில் படகு ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் துளை கொஞ்சம் தளரும். தகட்டை ஊடுருவிச் செல்லும் போல்ட், அடியில் நட், நட்டுக்கு மேலே தளத்தோடு ஒட்டி ஒரு தாங்குதட்டு, இதுதான் சரியான முறை. தாங்குதட்டு சுமையை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்புகிறது. கடல்வகை ப்ளைவுட், கண்ணாடியிழை-எபாக்ஸிப் பலகை, அலுமினியம் எதுவும் ஆகலாம். வெள்ளைப் பாலிஎதிலீன் பலகை அறுக்க எளிது, அழுகாது. ஆனால் அது வளையும், பசையும் பிடிக்காது. இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உல்லாசப் படகுகள் பலவற்றின் தளம் ஒரே தகடு அல்ல. மேலும் கீழும் ஃபைபர், நடுவே பால்சா மரமோ ப்ளைவுட்டோ நுரையோ இருக்கும். எடை குறைவு, விறைப்பு அதிகம். அந்த நடுமரத்தில் நாம் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்குத் திறந்த வாசல். உள்ளே புகுந்த ஈரம் மேலே தெரியாது. மரம் மெல்ல அழுகி, சில ஆண்டுகளில் காலடியில் தளம் மெத்தென்று அமுங்கும்போதுதான் தெரியவரும். ஆகவே துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, விளிம்பைச் சுற்றியுள்ள நடுமரத்தைச் சுரண்டியெடுத்து, அந்த இடத்தைக் கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் அல்ல, திண்ணிய பிசின். தண்ணீரும் புகாது, போல்ட்டை இறுக்கும்போது தளமும் நசுங்காது. ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும் வேலை. படகின் ஆயுளுக்காகச் செய்யவேண்டிய வேலை.

போல்ட்டுகளுக்கு 316 வகை துருப்பிடிக்காத எஃகு. அதில் சேர்த்திருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்புநீரில் குழிக்குழியாக அரிக்கப்படுவதைத் தடுக்கிறது. எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். அரைகுறையாகப் பூசிய அடைப்புப் பசைக்கும் எஃகுக்கும் இடையே உப்புநீர் தேங்கினால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து, துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். தட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை வழிந்தால் அடியில் பசை விட்டுப்போயிற்று என்று பொருள். அலுமினியத் தாங்கியில் எஃகு போல்ட் போட்டால் வேறொரு சிக்கல்: உப்புநீரில் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி, அலுமினியம் கரையும். இடையே நைலான் வாஷர் வேண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கோல்களின் நுனிகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். படகு திரும்பும்போது நரம்புகள் பின்னிக்கொள்ளாது. 15 அல்லது 30 பாகை சாய்ந்த தாங்கிகள் இதற்காகவே விற்கப்படுகின்றன. இன்னொன்று, குழாயின் வாயிலும் அடியிலும் விழும் அந்த 50 கிலோ அழுத்தம் உராய்வாக மாறி, மீன் மாட்டிய கோலை உருவ விடாமல் பிடித்துக்கொள்ளும். உறுதியாக நின்று இரண்டு கைகளாலும் தூக்கக்கூடிய இடத்தில்தான் தாங்கி இருக்க வேண்டும். துளையிடும் முன் அடியில் கை விட்டுப் பாருங்கள்: மின்கம்பி, எரிபொருள் குழாய், தொட்டி எது வேண்டுமானாலும் இருக்கலாம். துளையிடும் வட்ட ரம்பத்தை முதலில் பின்னோக்கிச் சுழற்றி, ஃபைபரின் மேலுள்ள பளபளப்பான ஜெல்கோட் பூச்சைத் தாண்டிவிட்டால் விளிம்பில் சில்லுகள் தெறிக்காது. முகமூடி கட்டாயம், ஃபைபர் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பிவிசி குழாயில் தாமே தாங்கி செய்துகொள்பவர்களும் உண்டு. ஆற்றிலும் ஏரியிலும் அது போதும். நம் ஊரில் விற்கும் 50 மி.மீ. பிவிசி என்பது வெளிவிட்டம். உள்ளே இடம் அதைவிடக் குறைவு என்பதால் கோலின் அடியைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். வெயிலில் சூடேறினால் பிவிசி இளகும், நீண்ட நேரச் சுமையில் மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடும். கடலுக்கு எடுத்துப் போவதானால், எந்தத் தாங்கியாக இருந்தாலும், ரீலிலிருந்து படகுக்கு ஒரு காப்புக் கயிறு கட்டிவிடுங்கள்.