தங்கல் வண்டி

'அவர்கள் தங்கள் பொழுதுபோக்கு வாகனத்தில் எதிர்பாராத கூடுதல் நாளை அனுபவித்தனர்.' ஒரு சுற்றுலாக் கட்டுரையின் தமிழாக்கத்தில் வந்த வரி. அமெரிக்கத் தம்பதி ஒன்று ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருக்கிறது. கிளம்ப வேண்டிய அன்று கிளம்பாமல், வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான். இதைத் திருநெல்வேலிப் பக்கம் 'ஒரு நாள் கூட இருந்துட்டு வந்தோம்' என்போம். எங்களுக்கு 'அனுபவித்தார்' என்றால் சிறைத் தண்டனையும் நினைவுக்கு வரும்.

வண்டிக்கு வருகிறேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஊர் சுற்றும் வண்டியைத்தான் அமெரிக்கர்கள் ஆர்வி என்கிறார்கள். ஆர் என்பது ரெக்ரியேஷனல், வி என்பது வெஹிக்கிள்; அதைத்தான் அந்தத் தமிழாக்கம் 'பொழுதுபோக்கு வாகனம்' ஆக்கியிருக்கிறது. ரெக்ரியேஷனின் லத்தீன் வேர், களைப்பு நீங்கிப் புதிதாவதைக் குறிக்கும். நாம் சொல்லும் கேரவன் பாரசீகக் 'கார்வான்'. கூட்டமாகப் போகும் பயணிகள். அந்தப் பொருளுக்குத் தமிழில் 'சாத்து' என்ற பழஞ்சொல் உண்டு. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் ஏறி உட்காரும் வண்டி.

'பொழுதுபோக்கு வாகனம்' ஏன் ஆகாது? பொழுதுபோக்கு என்பது நேரத்தைத் தள்ளுவது. சீட்டாட்டம் பொழுதுபோக்கு, தபால்தலை சேர்ப்பது பொழுதுபோக்கு. இந்தச் சொல்லைக் கேட்டால் பொருட்காட்சி ராட்டினம்தான் கண்ணில் வருகிறது. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், வண்டி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். இன்னொரு கூட்டம் 'நடமாடும் வீடு' என்கிறது. நடமாடும் நூலகம், நடமாடும் ரேஷன் கடை எல்லாம் நம் தெருவுக்கு வந்து சேவை செய்பவை. நடமாடும் வீடு யார் வாசலுக்கு வரப்போகிறது? 'சுற்றுலா ஊர்தி' இன்னும் மோசம், அது நாற்பது பேரை அடைத்துக்கொண்டு போகும் பஸ்.

இந்த வண்டியின் குணம் ஓடுவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான். சாரல் காலத்தில் பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். நாளைக்குத் திறந்துவிடலாம், ஆனால் லாட்ஜ் அறை நாளைக்கு வேறு ஆளுக்கு. துண்டு நனையாமலே ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுப்பும் அரிசியும் பாயும் வண்டிக்குள்ளேயே இருந்தால்? ரோட்டோரம் மங்குஸ்தான் வாங்கித் தின்றபடி, 'இன்னைக்கும் இங்கனயே தங்கிருவோம்ல' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

ஆகவே 'தங்கல் வண்டி' என்பேன். 'ராத்தங்கல்' நம் பேச்சில் இருக்கும் சொல்தான். 'இன்னைக்கு ராத்தங்கல் எங்க?' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டு, சட்டி பானையோடு நாள்கணக்கில் தங்கியதும் இந்தத் தங்கல்தான். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை இப்போது அந்த நாள்களைக் குறைத்துவிட்டது; அது தனிப் புலம்பல்.

பொருளும் நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி வருகிறது. கயிற்றில் கட்டிய காடிக் கலம், கோழி அடையும் கூடு, தொங்கவிட்ட சின்ன உரல், குழந்தையோடு மாட்டை ஓட்டும் பெண். இதையும் பொழுதுபோக்கு வாகனம் என்பார்களோ?

லாரி ஓட்டுநரும் வண்டியிலேயே தூங்குகிறாரே, அதுவும் தங்கல் வண்டியா என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை. லாரி சரக்குக்காகச் செய்தது. அவர் தூங்குவது வேறு வழியில்லாமல். சரி, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வகையை என்ன சொல்வது? 'இழுவைத் தங்கல்' போதும். படப்பிடிப்பு வண்டி மட்டும் கேரவனாகவே இருக்கட்டும், அது ராத்தங்கலுக்கு ஆனதில்லை.